இரண்டு மில்லிமீட்டர்

அக்டோபர் 8, 2024

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு, மன்னார்குடிப் பக்கத்து அரிசி ஆலைக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. குறுவை நெல் வந்து குவிகிற நேரம். முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார்.

ஐந்து கிலோ பை போடும் இயந்திரம். எடை போடும் பகுதியை ஒரு பி.எல்.சி., அதாவது இயந்திரத்தை இயக்கும் சின்னக் கணினி, பார்த்துக்கொள்கிறது. பிலிமை இழுக்கும் சர்வோ மோட்டாருக்கு வேறொரு நிறுவனத்தின் மோஷன் கன்ட்ரோலர், மோட்டாரை அளந்து ஓட்டும் பெட்டி. பையின் நீளத்தை முன்னது சொல்ல வேண்டும், பின்னது இழுக்க வேண்டும். நடுவில் ஓர் ஈதர்நெட் கேபிள், அதில் இரண்டும் பேசிக்கொள்ளும் மொழி மோட்பஸ் டி.சி.பி. "ஒரு கேபிள்தானே தம்பி?" என்றார் முதலாளி. ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

இரண்டு பெட்டிகளும் 192.168.1.10 என்ற ஒரே நெட்வொர்க் முகவரியோடு வந்திருந்தன. ஒன்றை 20 ஆக்கினேன். பிங், அதாவது மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை, போனது. இருட்டிவிட்டது.

அக்டோபர் 9

நாள் முழுக்க வீண். பி.எல்.சி.யிலிருந்து 400 அனுப்பினால் கன்ட்ரோலர் திரையில் 0.000. கையேட்டில் 40101 என்று போட்டிருக்கும் ரெஜிஸ்டருக்கு, அதாவது எண்ணை வைக்கும் அறைக்கு, கேபிளில் போகும் எண் 100 என்பது பழைய கதை, அதைச் சரிபார்த்துவிட்டேன். இணைப்பும் மோட்பஸுக்கான 502-ஆம் போர்ட்டில் திறந்தே இருக்கிறது.

அரிசி தீட்டும் பாலிஷரின் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளும் நம் கேபிளும் ஒரே டிரேயில் ஓடுவதைப் பார்த்ததும் மின் இரைச்சல்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டேன். தவிட்டுத் தூசியில் ஏணி ஏறி, ஷீல்டு உள்ள கேபிளை வேறு வழியாக இழுத்து முடிக்க மாலை நான்கு மணி. மறுபடியும் 0.000. ஆயிரம் பிங்கில் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதைக் காலையிலேயே பார்த்தவன் நான். பார்த்தும் ஏணி ஏறினேன்.

அக்டோபர் 10

அச்சடித்த பிலிம் சுருள் வந்தது. அதில் ஒரு கறுப்புக் குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே 412.5 மில்லிமீட்டர். அந்த எண்ணைப் போட்டு ஓட்டினேன்.

"தம்பி, அசைந்தது" என்றார் ஆபரேட்டர் அண்ணன். நான் பார்க்கவில்லை. இன்னொரு முறை. பிலிம் ஒரு துளி துடித்து நின்றது. திரையில் 2.004.

அந்த எண்ணைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட தசம எண்ணுக்கு 32 பிட் தேவை. மோட்பஸ் ரெஜிஸ்டருக்கோ 16 பிட்தான். அதனால் எண் இரண்டாகப் பிளந்து போகிறது: 412.5 என்றால் 17358, 16384. எந்தப் பாதி முன்னால் என்பதில் இந்த இரு நிறுவனங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. தலைமாற்றிச் சேர்த்தால் 2.004. நேற்றைய 400-க்கு 17352, 0. அதைத் தலைமாற்றினால் திரையில் தெரியாத அளவுக்குச் சின்ன எண், அதாவது பூஜ்யம். முழு எண்ணை வைத்தே சோதித்ததால் ஒன்றுமே போய்ச் சேரவில்லை என்று ஏமாந்தேன். 1979-இல் மோடிகான் நிறுவனம் வகுத்த மோட்பஸ், ஒரு ரெஜிஸ்டருக்குள் பைட் வரிசையைச் சொன்னதோடு சரி. இரண்டைச் சேர்க்கும் வரிசை அவரவர் இஷ்டம்.

பி.எல்.சி. நிரலில் இரண்டு வரி மாற்றம். பை நீளம் சரியாக வந்தது. நீளத்தை எழுதி, அது திரும்பிச் சரியாக வந்த பிறகே ‘இழு’ என்று சொல்லும் பிட்டை வைக்கும்படியும் செய்தேன்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். ஒரு பையன் ஈதர்நெட் ஸ்விட்சின் காலிப் போர்ட்டிலேயே பொட்டு வைக்கப் போனான். கையைப் பிடித்துப் பேனல் கதவுக்குத் திருப்பினேன். பொரிகடலை, வாழைப்பழத்தோடு வீடு.

அக்டோபர் 15

விடாத மழை. ஈர நெல்லைப் பற்றித்தான் ஆலை முழுக்கப் பேச்சு.

இயந்திரம் ஓடும்போதே கேபிளைப் பிடுங்கினேன். கன்ட்ரோலர் கடைசியாகக் கேட்ட கட்டளையையே பிடித்துக்கொண்டு வெறும் பைகளை இழுத்துத் தள்ளியது. முடுக்கம், வேகம், நிறுத்தம் எல்லாம் அதன் கையில்தானே. பேச்சு அறுந்தது அதற்கு எப்படித் தெரியும்? இப்போது பி.எல்.சி. 200 மில்லிவினாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் கூட்டி எழுதுகிறது. ஒரு வினாடி அது மாறாவிட்டால் மோட்டார் நின்றுவிடும். மூன்று முறை பிடுங்கினேன், மூன்று முறையும் நின்றது. ஓடுகிற இயந்திரத்தை ஏன் கெடுக்கிறாய் என்று முதலாளிக்குக் கோபம்.

கிளம்பும்போது அவரே தேநீர் கொடுத்தார். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பைகளுக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு இங்கே 26 கிலோ சிப்பம்தான் அதிகம் ஓடுகிறது. அந்த இயந்திரத்தையும் இதோடு சேர்க்க வேண்டுமாம். "அதுவும் ஒரு கேபிள்தானே?"

கன்ட்ரோலர் என்ன கம்பெனி என்று கேட்டேன். பெயர்ப்பலகை உதிர்ந்துவிட்டதாம்.