அப்பாவைத் தெரியாத கணுக்கள்

ஒரு வருடமாக எனக்கென்று ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். சி மொழியில், டெர்மினலுக்குள் ஓடுவது. இதனால் யாருக்கும் பிரயோஜனம் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வேறென்ன செய்வது? ஃபைலைத் திறக்கும், சேமிக்கும், நிறம் காட்டும். போன மாதம் இரண்டு வசதி சேர்த்தேன். ஒரு கீயைத் தட்டினால் அடுத்த ஃபங்ஷனுக்குத் தாவுவது ஒன்று. கர்சர் எந்த ஃபங்ஷனுக்குள், எந்த இஃப்புக்குள் நிற்கிறது என்று திரையின் மேல்வரியில் காட்டுவது இன்னொன்று. அந்த இரண்டாவது வந்த நாளிலிருந்து எடிட்டர் நொண்ட ஆரம்பித்தது.

எல்லா ஃபைலிலும் இல்லை. ஒரு ஸ்கிரிப்ட் துப்பிய ஃபைல் என்னிடம் இருக்கிறது. அதில் 2,000 பெயர்களைக் கூட்டல் குறியால் கோத்து ஒரே கோவையாக எழுதியிருக்கும். அதன் தொடக்கத்தில் அம்புக்குறி கீயை அழுத்திப் பிடித்தால், சனிக்கிழமை சாயங்காலம் லாரன்ஸ் ரோட்டில் மாட்டிய ஆட்டோ மாதிரி கர்சர் ஊர்ந்தது.

முதலில் திரை வரையும் பகுதியைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் மாலை அதிலேயே போனது. அப்புறம்தான் ஆப்டிமைசேஷனே இல்லாத பில்டை வைத்து நேரம் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சரி, வேகமான பில்டைத் தரும் மைனஸ் ஓ2 போட்டு மறுபடி கம்பைல் செய்து, எந்த ஃபங்ஷன் நேரத்தைத் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை வைத்துப் பார்த்தேன். திரை வரைவது பட்டியலில் எங்கோ கீழே கிடந்தது. உச்சியில் இருந்தது, ஒரு கணுவின் தாய்க்கணுவைக் கேட்கும் ஃபங்ஷன். எடிட்டர் நிரலை ஒரு மரமாக வைத்துக்கொள்கிறது. ஒரு பெயர், ஒரு இஃப் என்று ஒவ்வொரு துண்டும் அதில் ஒரு கணு, அதைத் தனக்குள் வைத்திருக்கும் பெரிய துண்டு அதன் தாய்க்கணு.

நிரலைப் பிரித்து மரமாக்க நான் பயன்படுத்துவது ட்ரீ-சிட்டர் என்ற நூலகம். மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் கிட்ஹப்பில் ஆட்டம் எடிட்டருக்காக வளர்த்தது. ஆட்டத்தை 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். அதற்குள் ட்ரீ-சிட்டர் வேறு எடிட்டர்களுக்குத் தாவிவிட்டது, 2021-இல் நியோவிம் 0.5-க்குள் போனது, 2023-இல் ஈமாக்ஸ் 29-க்குள்ளும் வந்துவிட்டது. ஒரு எழுத்தை மாற்றினால் முழு ஃபைலையும் திரும்பப் படிக்காமல், மாறிய இடத்தை மட்டும் பிரித்து மீதிக் கிளைகளைப் பழைய மரத்திலிருந்தே எடுத்துக்கொள்வதுதான் அதன் திறமை.

வினையும் அங்கேதான் இருக்கிறது. ஆபீஸில் கூட வேலை செய்யும் அரியாங்குப்பத்துத் தம்பி ஒருவன், "ஏண்ணா, ஒவ்வொரு கணுவுலயும் அப்பா யாருன்னு ஒரு பாயிண்டர் வச்சிட்டா முடிஞ்சுதே?" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரே கிளை பழைய மரத்திலும் இருக்கிறது, புதிய மரத்திலும் இருக்கிறது. எந்த அப்பாவின் பெயரை எழுதுவது? அதனால் எதையும் எழுதுவதில்லை. ஃபைலில் எத்தனையாவது பைட் என்பதைக்கூட மரத்துக்குள் எழுதி வைப்பதில்லை. முன்னால் எவ்வளவு இடைவெளி, தன் நீளம் எவ்வளவு, அவ்வளவுதான். மேலே நூறு வரி சேர்த்தாலும் கீழே உள்ள கிளையைத் தொட வேண்டியதில்லை.

தாய்க்கணு வேண்டும் என்று கேட்டால், மரத்தின் வேரிலிருந்து கீழே இறங்கிப்போய்த் தேடித் தருகிறது. நான் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவன். தவளக்குப்பத்தில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போய் அரியாங்குப்பத்தில் இறங்கிவிட்டான் என்று வையுங்கள். எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏறாமல், கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து புதிதாக டிக்கெட் எடுத்துத் தவளக்குப்பம் போனால் எப்படி இருக்கும்? அதற்கு முந்தைய நிறுத்தம் வேண்டுமென்றால் மறுபடியும் கடலூர். எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறோம் என்று அறிய வேர்வரை ஒவ்வொரு தாயாகக் கேட்டு ஏற வேண்டும். என் மேல்வரி ஒவ்வொரு கர்சர் நகர்வுக்கும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

கூட்டல் கோவை இடப்பக்கமாக ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைவதால் முதல் பெயர் சுமார் 2,000 நிலை ஆழத்தில் கிடக்கிறது. அங்கிருந்து வேர்வரை ஏற 2,000, 1,999, 1,998 என்று கூட்டிக்கொண்டே போனால் கிட்டத்தட்ட 20 லட்சம் அடி. சாதாரண நிரலில் ஆழம் இருபது, முப்பதுதான் இருக்கும் என்பதால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

முதல் வைத்தியம் என் சொந்தக் கண்டுபிடிப்பு, கண்டுபிடித்த அன்றே செத்தது. மரம் முழுக்க ஒருமுறை நடந்து, எந்தக் கணுவுக்கு எது தாய் என்று ஒரு ஹேஷ் டேபிளில் எழுதி வைத்தேன். மேல்வரி பறந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் மரம் மாறுகிறது, ஒவ்வொரு முறையும் டேபிளை முழுதாகக் கட்ட வேண்டும். மாறிய இடத்தை மட்டும் பார்க்கும் நூலகத்தை வாங்கிவந்து, அதன் தலையில் முழு மரத்தையும் நடக்கும் வேலையை ஏற்றி வைத்திருக்கிறேன். டைப் செய்யவே முடியவில்லை.

சரியான வழி நூலகத்திலேயே இருக்கிறது: ட்ரீ கர்சர். திரையில் மின்னும் கர்சர் இல்லை, மரத்துக்குள் கணு கணுவாக நடப்பது. இறங்கி வந்த வழியை ஒரு அடுக்கில் வைத்துக்கொண்டே போகும். மேலே போகச் சொன்னால் அடுக்கின் உச்சியை எடுத்துப் போட்டுவிட்டு நிற்கும், அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, எந்தக் கணுவில் தொடங்கினோமோ அதற்கு மேலே ஏறாது. இது தெரியாமல் கையிலிருந்த கணுவிலேயே கர்சரைத் தொடங்கினேன். மேல்வரி காலியாகவே இருந்தது. அரைமணி நேரம் முழித்தேன். இப்போது வேரில் தொடங்கி, பைட் எண்ணைக் கொடுத்து கணுவரை ஒருமுறை இறங்குகிறேன், பிறகு ஏறுகிறேன். 20 லட்சம் அடி நாலாயிரமாகிவிட்டது.

இறங்குவதிலும் ஒரு குழி இருந்தது. அரைப்புள்ளி போட மறந்தால் பார்சர், அதாவது நிரலைப் பிரிக்கும் ட்ரீ-சிட்டர், தானாகவே ஒரு அரைப்புள்ளிக் கணுவை இட்டு நிரப்பும். அதன் அகலம் பூஜ்யம். பைட் எண்ணை வைத்து இறங்கினால் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பாதி எழுதிய வரியில் மட்டும் மேல்வரி தப்பாகக் காட்டியது இதனால்தான். இறங்கி நின்றதும் நாம் தேடிய கணுதானா என்று ஐடியை ஒப்பிட்டு, இல்லையென்றால் பழைய மெதுவான வழிக்கே போய்விடுகிறேன். அசிங்கம்தான், ஆனால் தப்பாகக் காட்டுவதில்லை.

ஒருநாள் எடிட்டரே விழுந்தது. வேகத்துக்காக ட்ரீ கர்சரை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டாமல் அப்படியே வைத்திருந்தேன். ஃபைல் மாறியதும் பழைய மரத்தை நினைவகத்திலிருந்து விடுவித்தேன். கர்சர் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருந்தது. செக்மென்டேஷன் ஃபால்ட். இப்போது மரம் மாறினால் கர்சரை முதலில் ரீசெட் செய்கிறேன்.

என் பழைய லேப்டாப்பில், அந்தக் கூட்டல் ஃபைலில், மேல்வரியைக் காட்ட முன்பெல்லாம் 70 மில்லி செகண்ட் ஆனது. இப்போது ஒன்றுக்கும் கீழே. ஃபங்ஷன் தாவலையும் ட்ரீ கர்சருக்கு மாற்றினேன். பழைய முறையில் அடுத்த கணுவைக் கேட்டாலும் அது முதலில் தாய்க்கணுவைத் தேடத்தான் ஓடுகிறது. சோதிக்க எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் ஒரே ஃபைலாகத் தொகுத்த சி நிரலை எடுத்துக்கொண்டேன், 2 லட்சம் வரிக்கு மேல் இருக்கும். அதில் எல்லா ஃபங்ஷனையும் ஒரு சுற்றுப் பார்த்து வர நாலரை செகண்ட் ஆனது அரை செகண்டுக்குள் வந்துவிட்டது.

பின்னோக்கித் தாவுவது மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ட்ரீ கர்சரில் முந்தைய கணுவுக்குப் போகும் வசதி உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தன் நீளத்தை மட்டுமே வைத்திருப்பதால், முந்தையது எங்கே தொடங்குகிறது என்று அறிய இடமிருந்து திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். மெதுவாகலாம் என்று நூலகத்தின் ஹெடர் ஃபைலிலேயே எழுதியிருக்கிறார்கள். ஃபங்ஷன்களின் தொடக்கங்களை மட்டும் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஹேஷ் டேபிள் ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று மூடிவைத்துவிட்டு தேவனாம்பட்டினம் பீச்சுக்குக் கிளம்பிவிட்டேன்.