எரிந்த பைனஸ் காட்டில் எறும்புக் கணக்கு

"எறும்பு கூடித்தானே இருக்கு மிஸ், அப்போ நெருப்பு நல்லதுதானே?" என்று எங்களோடு வேலை செய்த தோட்டத்து அண்ணன் கேட்டார். நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைப் பக்கம். வறட்சிக் காலத்தில் மானாப்புல்லுக்கு வைத்த தீ மேலேறி, பைனஸ் என்ற ஊசியிலை மரத்தின் சருகை முழுசாகத் தின்றிருந்தது. பட்டை தடித்த மரங்கள் என்பதால் அநேகமானவை தப்பிவிட்டன. மண்மட்டத்துக்குக் கோப்பைகளைப் புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, விழுகிற பூச்சிகளை எண்ணினோம். எரிந்த பக்கத்தில்தான் எறும்பு அதிகம்.

"கூடல அண்ணே, சருகு இல்லாததால தடையில்லாம ஓடித் திரியுது, அதான் நிறைய விழுது" என்றேன். கோப்பை காட்டுவது நடமாட்டத்தைத்தான். மண்ணுக்குள் சூடு சீக்கிரம் இறங்காது. சில சென்ரிமீற்றர் ஆழத்தில் கூடு வைத்த எறும்பு தப்பிவிடும். சருகையே வீடாகக் கொண்ட, மிகச் சிறிய சிற்றுண்ணியும், வாலில்லாத குட்டித் தேள் போலிருக்கும் போலித்தேளும் எங்கே ஓடும்? உருண்டையாகச் சுருளும் மரவட்டைகள் சுருண்டபடியே கரிந்து கிடந்தன. எதிரி வந்தால் அந்தச் சுருளல் காப்பாற்றும், தீயிடம் அது எடுபடாது.

அண்ணன் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்தக் காட்டுல முன்னமே என்ன இருந்துச்சு மிஸ்? எரிஞ்சா என்ன?"

நான் பேசவில்லை. அவர் கோபம் எனக்குத் தெரியும். புல்வெளியிலும் கைவிட்ட தேயிலை நிலத்திலும் வரிசை வரிசையாக நட்ட மரம் இது. பைனஸ் வந்த பிறகு ஊற்று வற்றியது என்று சொல்லாத ஆள் அங்கே இல்லை. இயற்கைக் காட்டோடு பார்த்தால் இது ஏழைக் காடுதான். அதற்காக வெறுங்காடு என்று எப்படிச் சொல்வது? எரியாத பக்கத்துச் சருகைப் புனலில் போட்டு, மேலே பல்பை எரியவிட்டால், சூட்டுக்கு விலகிக் கீழே இறங்கி வரும் உயிர்களைப் பார்த்தவள் நான். மட்க லேசில் இணங்காத அந்த ஊசியிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாக்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவை செத்தால், கருகிய கொப்புகளிலிருந்து விழும் புதுச் சருகு அப்படியே சேரும். அடுத்த தீக்கு அதுதான் விறகு என்று நினைக்கிறேன்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருப்பாரா? தெரியவில்லை. சில வேளை அவர் கேட்டது பூச்சியைப் பற்றியே இல்லையோ என்றும் தோன்றுகிறது. பைனஸை வெட்டி நாட்டு மரம் வைப்பதா, முதலில் தீயை நிறுத்துவதா என்றால், நான் தீயை நிறுத்துவதைத்தான் சொல்வேன். நிழலில் தானாக முளைக்கும் நாட்டுக் கன்றுகளும் அதில்தானே எரிகின்றன. அண்ணன் மரம் மாற்றுவதைத்தான் சொல்வார். அந்த மண்ணில் தண்ணீர் தேடி நடக்கிறவர் அவர்.