ஐப்பசியில் தொடங்கிய வீடு

ஐப்பசியில் சுவர் எழுப்ப ஆரம்பித்தது என் புத்தி. மழை பிடித்தால் திருவள்ளூர் பக்கத்துச் சூளைகளில் சுடாத பச்சைச் செங்கல் காயாது. காயாததைச் சுட முடியாது. மாதவரத்தில் அஸ்திவாரத்தோடு மூன்று வாரம் நின்றோம்.

சாம்பல் கல் வாங்கலாம் என்றேன். "சாம்பல்தானே சார், ஊதினா பறந்துடும்" என்றார் மேஸ்திரி. அனல்மின் நிலையச் சாம்பலோடு சிமெண்டும் கிரஷர் தூளும் கலந்து அழுத்துகிறார்கள்; சூளையே வேண்டாம், தண்ணீர் விட்டு இறுகவைத்தால் போதும். இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தார். உடையவில்லை. அளவு பிசகாததால் பூச்சுக்கும் சிமெண்ட் குறைந்தது.

உள்சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக்: உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன், மிதந்தது! மேஸ்திரி வாயடைத்துப்போனார். அம்மாவுக்குத்தான் கோபம்: காலண்டர் மாட்ட அடித்த ஆணி மறுநாளே கையோடு வந்துவிட்டது. இப்போது டிரில் போட்டுத் திருகாணியைப் பிடிக்கும் தனி பிளக் வைக்கிறோம்.