பில் ரான்சிக் ஜெயித்த கதை: என் நாட்குறிப்பிலிருந்து

8 ஜனவரி 2004, வியாழன்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ‘தி அப்ரென்டிஸ்’ என்ற போட்டி நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. 16 பேர் போட்டி; ஆண்கள் ஓர் அணி, பெண்கள் ஓர் அணி. ஜெயிப்பவருக்கு டொனால்ட் டிரம்ப்பிடம் வேலை, ஆண்டுக்கு 2,50,000 டாலர் சம்பளம். முதல் வேலை நியூயார்க் தெருவில் எலுமிச்சை ஜூஸ் விற்பது. அணிக்கு 250 டாலர் முதலீடு. ஆண்கள் போய்க் கடை போட்டது மீன் சந்தைப் பக்கம்! அந்த வாடையில் யார் நின்று ஜூஸ் குடிப்பார்கள்? ஆண்கள் அணியின் சாம் சொலோவே ஒரே ஒரு கிளாஸை ஆயிரம் டாலருக்கு விற்கப் பார்த்தார். விடாமல் பேசுகிறார், எதிரில் நிற்பவர் நழுவப் பார்க்கிறார். பெண்கள் சுலபமாக ஜெயித்தார்கள்.

எனக்குப் பிடித்தவர் சிகாகோக்காரர் பில் ரான்சிக். சுருட்டு வியாபாரத்தைச் சொந்தமாக வளர்த்தவர். நிதானமாகப் பேசுகிறார்.

8 பிப்ரவரி

வரிசையாக நான்கு முறை பெண்கள் அணிக்கே வெற்றி. அப்புறம்தான் அணிகளைக் கலந்தார்கள். சாம் வெளியேறிவிட்டார். விற்பனை வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: வாங்குபவர் வாய் திறக்கவே இடம் கொடுக்காதவரிடம் சரக்கு தேங்கும். பில் முதலில் கேட்டுக்கொள்கிறார், பிறகு சுருக்கமாகச் சொல்கிறார். எதிராளி தலையாட்டுவது தானாக நடக்கிறது.

11 ஏப்ரல்

ஏமி, நிக் இருவரும் போட்டியிலிருந்து போனார்கள். மிச்சம் பில்லும் குவாமி ஜாக்சனும். குவாமி ஹார்வர்டில் எம்பிஏ படித்தவர், தங்கமான மனிதர். அவருக்கு அட்லான்டிக் சிட்டியில் ஜெசிகா சிம்ப்சன் கச்சேரி, பில்லுக்கு டிரம்ப்பின் கோல்ஃப் மைதானத்தில் போட்டி நடத்தும் பொறுப்பு. உதவிக்கு வருவது ஏற்கெனவே வெளியேறியவர்கள். தோற்றுப்போனவர்களை ஓடியாடி வேலை செய்யவைக்க வேண்டும். பேச்சுத் திறமைக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை.

16 ஏப்ரல்

நேற்று இரவு நேரலையில் முடிவு வந்தது: பில்!

குவாமியின் அணிக்கு உதவ வந்த ஒமரோசா பொய் சொன்னது தெரிந்தும் அவரை நீக்கவில்லையே என்று டிரம்ப் கேட்டார். நீக்கலாம் என்பதே தனக்குத் தெரியாது என்றார் குவாமி. பாவம், எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் தீர்ப்பு சரிதான். பில் தன் ஆட்களை முடுக்கிவிட்டார், தவறு நடந்த இடத்தில் தானே போய் நின்றார்.

எந்த வேலையைப் பொறுப்பேற்கிறாய், கலிஃபோர்னியா கோல்ஃப் மைதானமா, சிகாகோவில் எழப்போகும் டிரம்ப் டவர் கட்டடமா என்று டிரம்ப் கேட்டதற்கு, பில் தன் ஊரையே எடுத்துக்கொண்டார். நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.