ரப்பர் இலைக்கு எக்ஸ்-ரே லேசர் நேரம் கேட்பது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலம், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் என்றால் பால்தான் பேச்சு. இலையை யாரும் சீண்டுவதில்லை. நாங்கள் விண்ணப்பம் போட்டது அந்த இலைக்காகத்தான். ரப்பர் இலையைப் பூச்சி கடித்தால் அதில் இருக்கும் லினமாரின் உடைந்து அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகும். ஹைட்ராக்ஸிநைட்ரைல் லையேஸ் என்ற நொதி அதை அசிட்டோனாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரித்துவிடும். இந்த நொதியின் அமைப்பு 1996லேயே வெளியாகிவிட்டது. அது வேலை செய்யும்போது, அறை வெப்பநிலையில், படிப்படியாக எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அதற்கு நொதியை நுண்ணிய படிகங்களாக்கி, எக்ஸ்-ரே லேசரின் (மிகக் குறுகிய, மிகப் பிரகாசமான எக்ஸ்-ரே துடிப்புகளைத் தரும் பெரிய கருவி) முன் ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும்.

மலேசியாவில் சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வட்டமாக ஓட்டி எக்ஸ்-ரே எடுக்கும் நிலையம்) கூட கிடையாது. எக்ஸ்-ரே லேசருக்கு வெளியேதான் போக வேண்டும். கலிபோர்னியாவின் எல்.சி.எல்.எஸ். 2009ல் முதல் ஒளி கொடுத்தது. ஜப்பான் ஹியோகோ மாநிலத்தில் உள்ள சாக்லா 2012லிருந்து வெளியாரை அனுமதிக்கிறது. தென்கொரியாவின் போஹாங்கிலும், ஹம்பர்க் அருகிலும், சுவிட்சர்லாந்திலும் இருக்கின்றன. முடிவுகளை வெளியிடுவதாக ஒப்புக்கொண்டால் பீம் நேரத்துக்கு (எக்ஸ்-ரே கற்றையைப் பயன்படுத்தும் நேரம்) காசு வாங்குவதில்லை. விமான டிக்கெட், தங்குமிடம், சில இடங்களில் நுகர்பொருள் கட்டணம் இவையெல்லாம் நம் தலையில்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பயணத்தை மட்டும் பார்த்தால் ஜப்பான் சுலபம்: நேர வித்தியாசம் ஒரு மணிதான், சிப் உள்ள மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம். அமெரிக்காவுக்கு விசா நேர்காணல் உண்டு, அதற்கே மாதக்கணக்கில் முன்கூட்டி ஓட வேண்டும். ஆனால் மாதிரியை எப்படி ஒளிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தப்போகிறோம் என்பதுதான் முதலில் தீர வேண்டிய கேள்வி. ஹம்பர்க்கில் வினாடிக்கு 27,000 துடிப்பு வரை, கொத்துக் கொத்தாக வரும். ஒரு துடிப்பு அடித்த இடம் அடுத்தது வருவதற்குள் நகர்ந்துவிட வேண்டும். அதற்கு வேகமான மெல்லிய திரவத் தாரைதான் சரிப்படும். சாக்லாவில் இந்த வகைச் சோதனை வழக்கமாக வினாடிக்கு 30 துடிப்பில் நடக்கிறது. கிரீஸில் படிகங்களைக் குழைத்துப் பற்பசை மாதிரி மெதுவாகப் பிதுக்கினாலும் போதும். கையில் கொஞ்சம் புரதம்தான் என்றால் இந்த வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும்.

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் பீம்லைன் விஞ்ஞானிக்கு (அங்கே சோதனை நிலையத்தை நடத்துபவர்) மின்னஞ்சல் போடுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் நிறையப் பேர், பெரிய இடத்துக்காரரைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சம். அது அவர்கள் வேலையே. படிகத்தின் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை படிகம், தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) என்னென்ன உப்பு, என்ன வெப்பநிலை, எத்தனை ஷிப்ட் இந்த ஐந்தையும் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினால் பதில் வரும். விண்ணப்பத்தின் தொழில்நுட்பச் சாத்தியத்தைப் பின்னர் மதிப்பிடுவதும் அந்தக் குழுதான். குழுவுக்கு இந்த வேலையில் கை பழகியவர் ஒருவராவது வேண்டும். இல்லையென்றால் அனுபவமுள்ள வெளிநாட்டுக் குழு ஒன்றைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் விழும் குழி ஒன்றுதான்: "இதற்கு ஏன் எக்ஸ்-ரே லேசர்? சிங்க்ரோட்ரானில் முடியாதா?" எங்கள் நொதிக்கு இந்தக் கேள்வி கூர்மையானது. மில்லிவினாடிக் கணக்கில் நடக்கும் வினைகளை இப்போது ஹம்பர்க் சிங்க்ரோட்ரானான பெட்ரா-3ன் டி-ரெக்ஸ் நிலையத்திலும், பிரான்ஸின் கிரெனோபிள் சிங்க்ரோட்ரானின் ஐ.டி.29லும் பிடிக்கிறார்கள். "காலத்தோடு மாறுவதைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அங்கே போகச் சொல்லிவிடுவார்கள். எடுபடும் காரணங்கள் வேறு. படிகம் சில மைக்ரோமீட்டருக்கு மேல் வளரவில்லை. அல்லது கதிர்ச்சேதம் வினைமையத்தையே மாற்றிவிடுகிறது. லேசரில் ஒரு துடிப்பு சில பத்து ஃபெம்டோவினாடிக்குள்தான் நீடிப்பதால், படிகம் சிதறுவதற்குள் விளிம்பு விளைவு (படிகத்தில் பட்டு எக்ஸ்-ரே சிதறும் புள்ளி வடிவம்) பதிவாகிவிடும். அல்லது மைக்ரோவினாடிக்கும் குறைந்த நேரத்தில் நடக்கும் மாற்றம். இவற்றில் ஒன்றையாவது படத்தோடு காட்ட வேண்டும். சிங்க்ரோட்ரானில் முயன்று பார்த்த தரவு இருந்தால் அதையே முதல் பக்கத்தில் போடுங்கள். தைவான், ஜப்பானின் ஸ்பிரிங்-8, ஆஸ்திரேலியா ஆகிய சிங்க்ரோட்ரான்கள் நமக்கு எட்டும் தூரம்.

படிகம் சிறிதாக இருப்பதில் இன்னொரு லாபம்: வினைபடுபொருளை (நொதி பிரிக்கும் அசிட்டோன் சயனோஹைட்ரின்) கலந்தால் 3, 5 மைக்ரோமீட்டர் படிகத்துக்குள் அது சில மில்லிவினாடியில் ஊறிவிடும், 100 மைக்ரோமீட்டர் படிகம் என்றால் வெளிப்புறம் வினை முடித்திருக்கும்போது உள்ளே ஆரம்பித்தேயிருக்காது. ஆனால் நொதியின் வேகம் ஊறும் வேகத்தை மிஞ்சக்கூடாது. நொதியின் வேக அளவீட்டை விண்ணப்பத்தில் சேர்க்காவிட்டால் மதிப்பீட்டாளர் கட்டாயம் கேட்பார்.

அடுத்தது கணக்கு. இதைச் செய்யாமல் ஷிப்ட் எண்ணிக்கை எழுதாதீர்கள். 12 மணி நேர ஷிப்டில், வினாடிக்கு 30 வீதம், 12,96,000 துடிப்பு. அடைப்பு எடுப்பது, மாதிரி மாற்றுவது என்று பாதி நேரம் போகும்: 6,48,000. அதில் பத்தில் ஒன்று படிகத்தில் பட்டால் 64,800. பாதி அட்டவணைப்படுத்தப்பட்டால் (புள்ளிகளை வைத்துப் படிகம் நின்ற கோணம் கணிக்கப்பட்டால்) 32,400. ஒரு முழுத் தரவுத்தொகுப்புக்கு ஏறக்குறைய இவ்வளவு வேண்டும். ஆக, ஒரு நேரப்புள்ளிக்கு (கலந்தபின் இத்தனை மில்லிவினாடி என்ற ஒரு கணம்) ஒரு ஷிப்ட், வினைபடுபொருள் சேர்க்காத ஒப்பீட்டுக்கு ஒன்று. ஐந்து ஷிப்ட் கேட்டுவிட்டு எட்டு நேரப்புள்ளி எழுதினால் அங்கேயே சிரிப்பார்கள்.

இதே கணக்கைப் புரதத்துக்கும் போடுங்கள். திரவத் தாரை நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் குடிக்கும். ஓடும் 6 மணி நேரத்துக்கு 7.2 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்கு நூறு கோடி படிகம், ஒவ்வொன்றும் 5 மைக்ரோமீட்டர் கனசதுரம் என்று வைத்தால் ஒரு ஷிப்டுக்கே அரை கிராம் புரதம் போய்விடும். கிரீஸில் பிதுக்கினால் நிமிடத்துக்கு அரை மைக்ரோலிட்டர், படிகமும் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி. ஓரிரு மில்லிகிராமில் முடியும். ஆனால் கலந்து செலுத்தும் சோதனைக்குக் கிரீஸ் அவ்வளவாக ஒத்துவராது, வழக்கமாகத் திரவத் தாரைதான். நல்லவேளை, இந்த நொதியைப் பிக்கியா என்ற ஈஸ்டில் உற்பத்தி செய்தால் தாராளமாகக் கிடைக்கும். இலையைக் கூடை கூடையாக அரைக்க வேண்டியதில்லை.

பாதுகாப்புப் படிவம் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வினையின் விளைபொருளே ஹைட்ரஜன் சயனைடு. மொத்த அளவு எவ்வளவு, கழிவுத் திரவத்தின் பி.எச். என்ன (காரமாக வைத்தால் சயனைடு வாயுவாக வெளியேறாது), அறையின் உறிஞ்சு குழாய் எங்கே போகிறது, வாயு எச்சரிக்கைக் கருவி உண்டா என்பதை எழுதினால்தான் நகரும். நொதியைத் தடுத்துவைக்கும் பாதுகாப்பான சேர்மம் ஒன்றை மாற்றுத் திட்டமாகக் குறிப்பிடுங்கள். பாதுகாப்புக் குழு மறுத்தாலும் ஷிப்ட் வீணாகாது.

விண்ணப்பம் போடும் இணையதளத்தில் கூட்டாளிகள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கணக்குத் திறந்திருக்க வேண்டும். கணக்கு இல்லாதவரின் பெயரைச் சேர்க்க முடியாது. கடைசி நாளில் மூத்த பேராசிரியர் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான். கெடு கலிபோர்னியாவின் மாலை 4 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7 அல்லது 8, கோடை நேரத்தைப் பொறுத்து. பீடோங்கில் மாலை இடிமழைக்குக் கரண்டு போவது யாருக்கும் புதிதல்ல, ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

அனுமதி கிடைத்ததும் உள்ளூர்க் காகிதங்கள் ஆரம்பம். கதிரியக்கப் பணியாளர் பதிவு, மருத்துவப் பரிசோதனை, டோஸ் பேட்ஜ் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அட்டை) ஆகியவை நம் நிறுவனத்தின் கதிர்ப்பாதுகாப்பு அதிகாரி வழியாக நடக்கும், வாரங்கள் எடுக்கும். இலையிலிருந்தே எடுத்த மாதிரி என்றால் 2017ன் உயிரியல் வளச் சட்டத்தின் (சட்டம் 795) கீழ் அனுமதி தேவையா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதிரியைக் கொண்டுபோவதுதான் தோட்டத்துப் பட்டணத்தில் தலைவலி. நுண்படிகத்தை உறைய வைக்க முடியாது. 20 டிகிரியில் வளர்ந்ததை 20லேயே வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் கூரியர் வேனில் 40 டிகிரி தாண்டும். சிறிய படிகம் கரைந்து பெரியது இன்னும் பெரிதாகும், பிறகு குழாயில் அடைக்கும். வெப்பநிலைப் பதிவி போட்ட பெட்டியில் கையோடு எடுத்துப் போவது மேல். அதைவிட மேல், சுத்திகரித்த புரதத்தை உறைய வைத்துக் கொண்டுபோய் அங்கேயே படிகமாக்குவது. அதற்கு ஆய்வக மேசையைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

அங்கே போனபின் வரும் அடைப்புகளில் முக்கால்வாசி வடிகட்டாததால் வருபவை. 50 மைக்ரோமீட்டர் துளைக்கு 20, பிறகு 10 மைக்ரோமீட்டர் சல்லடை வழியாக விட்டபின்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். படிகம் அடியில் படிந்தால் முதல் பத்து நிமிடம் நிறையப் படும், பிறகு ஒன்றுமே படாது. அதற்குத்தான் சுழலும் ஊசித்தாங்கி. உப்புப் படிகம் ஒன்று தப்பி வந்தால் அதன் புள்ளி அவ்வளவு பிரகாசம், உணர்கருவியே பழுதாகும். மாதிரி மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் ஒளிமங்கலை (எக்ஸ்-ரே கற்றையை மங்கச்செய்யும் தடுப்பு) முழுதாகப் போட்டுவிட்டுக் கற்றையைத் திறவுங்கள்.

பகல், இரவு என இரண்டு அணி. ஒவ்வொன்றிலும் மாதிரிக்கு இருவர், ஊசிக்கு ஒருவர், திரைக்கு ஒருவர், குறிப்பேட்டுக்கு ஒருவர். தரவு டெராபைட் கணக்கில் வரும். அத்தனையையும் சுமக்க வேண்டாம். படிகம் பட்ட படங்களை மட்டும் அங்கேயே பிரித்து இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, வெவ்வேறு ஆள் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள். பீடோங் இணையத்தில் தரவிறக்கம் செய்யலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.