மூவாயிரத்தில் ஒன்று

டிசம்பர் 27
வாடை அடங்கவில்லை. திருக்கடலூர்க் கரையில் போட்டுகள் மேலே இழுத்தபடி கிடக்கின்றன. அலை உயரம் 2.5 மீற்றர் என்றது றேடியோ. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா, "அவை சொல்லுறது ஒண்டு, கடல் அடிக்கிறது ஒண்டு" என்றார். பௌதிகம் படிப்பிக்கிறவனுக்கு ரோசம் வராதா?

டிசம்பர் 29
ஒன்பது வலை மிதப்புகளை ஒன்பது அலையாக வைத்து மணலில் சிறிசு பெரிசாக அடுக்கினேன். பெரிய மூன்றை, அதாவது மூன்றில் ஒரு பங்கை, மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் அதுதான் றேடியோக்காரரின் 'அலை உயரம்'. சராசரி என்றால் அதற்கு மேலும் வரும். இரண்டு மடங்கைத் தாண்டினால் அது அசுர அலை. சாதாரணக் கணக்கில் ஏறத்தாழ 3000 அலைக்கு ஒன்று.

"மூவாயிரம் அலை எவ்வளவு நேரமடா?"

நங்கூரத்தில் நின்ற ஒரு போட்டின் அணியத்தை (முன்முனையை) பார்த்தபடி போனில் நேரம் பிடித்தோம். பத்துத் தரம் ஏறி இறங்க 81 செக்கன். அலைக்கு எட்டு என்று வைத்தால் 24,000 செக்கன்: 6 மணி 40 நிமிடம்.

"அப்ப ஒரு இராத்தொழிலுக்கு ஒண்டு" என்றார்.

இத்தனை வருசம் படிப்பித்தும் இந்தப் பெருக்கலை நான் செய்து பார்த்ததில்லை.

ஜனவரி 1
1995இல் இதே நாள், வடகடலில் டிராப்னர் எரிவாயு மேடையின் லேசர் கருவி 25.6 மீற்றர் அலையொன்றைப் பதிந்தது. அன்றைய கடலின் 'அலை உயரம்' ஏறத்தாழ 12. அதுவரை மாலுமிகள் சொன்னதைப் பலர் கட்டுக்கதை என்றே தள்ளியிருந்தார்கள்.

காரணத்தில்தான் சண்டை. ஓர் அலை அக்கம்பக்கத்து அலைகளின் சக்தியை உறிஞ்சி வளரும் என்பது ஒரு கட்சி. 2011இல் ஆய்வுத் தொட்டியில் அப்படி வளர்த்தும் காட்டினார்கள். ஆனால் தொட்டியில் அலை ஒரே திசையில் ஓடும். கடலில் நாலாபக்கமும் வரும். முகடுகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதே முக்கியம் என்பது மற்றக் கட்சி, நானும் அந்தப் பக்கம்தான். 2019இல் வெளியான ஆய்வில், இரண்டு அலைக்கூட்டங்களை ஏறத்தாழ 120 பாகையில் மோதவிட்டு டிராப்னர் அலையைச் சிறிய அளவில் எழுப்பியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கத்தால அடிச்சா நடுவில எழும்பி நிக்கும். இதுக்கு ஆராய்ச்சியோ?"

(பக்கத்து வீட்டு அக்கா இதைச் சுனாமி என்று நினைத்துப் பயந்துவிட்டா. அது வேறு. சுனாமி ஆழ்கடலில் போட்டுக்குத் தெரியாமலே கடந்துவிடும்.)

ஜனவரி 4
எந்த அலை அசுர அலையாகும், எந்த இடத்தில் என்று முதல் நாளே சொல்ல முடியாது. அமெரிக்கக் கடல்களின் மிதவைப் பதிவுகளில் பழக்கிய செயற்கை நரம்பு வலையமைப்பொன்று (பதிவுகளைப் பார்த்துத் தானே பழகும் கணினி நிரல்), ஒரு நிமிடம் முன்னதாக நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னதாக 2024இல் எழுதினார்கள். ஒரு நிமிடத்தில் என்ன கிழிக்கலாம் என்றேன்.

"அணியத்தைத் திருப்பக் காணும்."

இன்று றேடியோவில் 1.5 மீற்றர். பெரியப்பா "மூண்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, எஞ்சினைத் தூக்க ஆள் கூப்பிட்டார்.