சாங்க்தே பேத்ரே

போனுஸ், போனா, போனும். 1960இல் எங்கள் இலத்தீன் வகுப்பில் முதல் மாதம் முழுக்க இதுதான். ‘நல்ல’ என்ற ஒரு சொல்லுக்கு மூன்று பால், இரண்டு எண், ஆறு வேற்றுமை. ஆக 36 கட்டம். கொப்பியைக் குறுக்கே திருப்பி, கோடு போட்டு நிரப்புவோம். பன்மையில் ‘போனிஸ்’ வந்துவிட்டால் கை கொஞ்சம் ஆறும். அந்த ஒரே வடிவம் மூன்று பாலுக்கும் இரண்டு வேற்றுமைக்குமாக ஆறு கட்டத்தை நிரப்பிவிடும்.

தமிழில் நல்ல பையன், நல்ல பெட்டை, நல்ல மரங்களுக்கு என்று எங்கே போனாலும் ‘நல்ல’ அப்படியே நிற்கும். அதனால் நான் ஒரு குறுக்குவழி பிடித்தேன்: பெயர் ‘ஆ’ என்று முடிந்தால் பெயரடையும் ‘ஆ’. மாலுமிக்கு இலத்தீனில் நௌதா. ‘நௌதா போனா’ என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்களுக்குப் படிப்பித்தவர் ஒரு குருவானவர். சிவப்பு மையை எடுக்கவில்லை.

“தம்பி, நௌதா ஆர்?”

“கப்பலோடுறவன், ஃபாதர்.”

“ஆம்பிளைதானே? அப்ப போனுஸ். சத்தத்தைப் பாராதையும், ஆளைப் பாரும்.”

அடுத்த நாள் பலகையில் ‘பீனுஸ் அல்தா’ என்று எழுதினார். உயரமான பைன் மரம். பெயர் ‘உஸ்’ என்று முடிகிறது, ஆனாலும் மரங்கள் பெரும்பாலும் பெண்பால், ஆகவே அல்தா.

ஆனால் எனக்கு அது உண்மையாகப் பிடிபட்டது கோயிலில்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவு அர்ச்சியசிஷ்டவர்களின், அதாவது புனிதர்களின், பிரார்த்தனை இலத்தீனில் பாடுவார்கள். சாங்க்தா மரீயா, சாங்க்தே பேத்ரே: புனித மரியே, புனித பேதுருவே. வேண்டிக்கொள்ளும் என்பதற்கு ஒருவருக்கென்றால் ‘ஓரா’, பலருக்கென்றால் ‘ஓராத்தே’. விளிவேற்றுமையில் பேத்ருஸ் பேத்ரே ஆகிறார், அவருக்கு நம் பழைய பெயரான இராயப்பர் இராயப்பரே ஆவதுபோல. இரண்டு மொழியும் ஒரே ஏகாரத்தில் கூப்பிடுவதைக் கேட்டு அன்று எனக்கு மெய் சிலிர்த்தது.

அப்புறம் ‘ஓம்னெஸ் சாங்க்தி’ வந்தது, எல்லாப் புனிதரும். கன்னியர், கைம்பெண்கள் முறை வந்ததும் சாங்க்தி பெண்பாலுக்கு மாறியது. ஓம்னெஸ் மாறவே இல்லை. அது மூன்றாம் வகைப் பெயரடை, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். ஒரே வரியில் இரண்டு பெயரடை, இரண்டு விதமான முடிவு, இரண்டும் பொருத்தம். அந்தப் பெண்பால் பன்மை வேறு, கோயில் உச்சரிப்பில் ‘சாங்க்தே’ என்றே ஒலிக்கும்; பேத்ருவுக்கு முன் வந்த அதே சத்தம். ஃபாதர் ஏன் சத்தத்தைப் பார்க்க வேண்டாம் என்றார் என்று அந்த இரவுதான் விளங்கியது.

1963இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதை நான் மனதார வரவேற்கிறேன். என் அம்மா பூசையை முழுதாக விளங்கிக்கொண்டது அதற்குப் பிறகுதான். இங்கே ரொறன்ரோவிலும் பெரிய சனி இரவில் ‘புனித மரியே’, ‘புனித பேதுருவே’ என்று தமிழில் பாடுகிறோம். ‘புனித’ இருவருக்கும் மாறாமல் நிற்கிறது. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று வாய் சொல்லும்போதே உள்ளே ஒரு பையன் சாங்க்தா, சாங்க்தே என்று மாற்றிக்கொண்டே போகிறான்.